கரப்புடுப்பின் உட்புறம்

(மட்டக்களப்புச் சித்தாண்டியில், உயர்தரத்தில் சித்திரம் பயிலும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வடிவமைப்புப் படிக்கப் போகும் பிள்ளைக்கு முதலாம் வருடத்திலேயே ஒரு வேலை கொடுப்பார்கள். மூட் போர்ட் செய்துகொண்டு வா என்பார்கள். நிறங்கள், துணித் துண்டுகள், பிடித்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் ஒட்டி, தனக்கு எங்கிருந்து தூண்டுதல் கிடைக்கிறது என்று காட்ட வேண்டும். பிள்ளை போனைத் திறக்கிறாள். மொரோக்கோவின் ஓடு, ஜப்பானின் கிமோனோ, ராஜஸ்தானின் கண்ணாடி வேலைப்பாடு, பாரிஸ் மேடையில் நடந்த உடுப்பு என்று ஒரு மணித்தியாலத்துக்குள் பலகை நிறைந்துவிடுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ‘இந்தக் கண்ணாடித் துண்டைத் துணியில் எப்படி நிறுத்தியிருக்கிறார்கள்? ஊசி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?’ என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளை விழிக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். படத்தில் அந்தப் பதில் இல்லை.

இன்று நான் வலியுறுத்த வந்தது இதுதான். ஒரு பொருளின் அலங்காரம் அதன் செய்முறைக்குள் இருந்து வருகிறது. செய்து முடித்த பொருளின்மேல் கடைசியாகப் பூசும் பூச்சு என்று அதை நினைக்கும்வரை, நாம் பிறர் செய்ததைப் படியெடுப்பவர்களாகவே இருப்போம். செய்முறையைக் கற்றவர்களால்தான் அதிலிருந்து புதிதாக ஒன்றைப் பிறப்பிக்க முடியும். இதைக் கற்பதற்குச் சித்தாண்டியும் சுற்றியுள்ள வாவிக்கரை ஊர்களும் நல்ல இடம். ஊர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

நிறத்திலிருந்து தொடங்குவோம். இங்கே சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் மயில்கட்டுத் திருவிழாவைப் பார்க்காத பிள்ளை இந்த அவையில் இருக்க மாட்டாள். மயிலை வரையச் சொன்னால் எல்லோரும் நீலத்தையும் பச்சையையும் கலக்கத் தொடங்குவீர்கள். அடுத்த முறை ஒரு மயிலிறகு கையில் கிடைத்தால் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வரும்படி பாருங்கள். நீலம் போய்விடும். மண்ணிறம்தான் தெரியும். இறகில் உள்ள சாயப் பொருள் மெலனின் மட்டுமே. நம்முடைய தலைமயிரைக் கறுப்பாக்குவதும் அதுதான். அந்த மெலனின் நுண்ணிய கோல்களாக ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. அடுக்கின் இடைவெளிதான் எந்த நிறத்து ஒளி திரும்பி நம் கண்ணுக்கு வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. 1665இல் இங்கிலாந்தின் ரொபேர்ட் ஹூக் மயிலிறகை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் நனைத்தால் அந்த நிறங்கள் மறைவதைக் குறித்து வைத்தார். அந்த அடுக்கின் முழு அமைப்பையும் 2003இல் சீனாவின் புடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இடைவெளி 140 நானோமீற்றர் அளவில் இருந்தால் நீலம். அது 150 அளவுக்குப் போனால் பச்சை. பத்து நானோமீற்றர்தான் வித்தியாசம்.

வடிவமைப்புப் படிக்கிற பிள்ளைக்கு இது ஏன் வேண்டும்? நிறம் சாயப் போத்தலில் மட்டும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது. ஒரே நூலை ஒரே சாயத்தில் தோய்த்து, பாதியைச் சாதாரண நெசவிலும் பாதியைச் சற்றின் நெசவிலும் நெய்து பாருங்கள். இரண்டு துணியும் இரண்டு நிறமாகத் தெரியும். சற்றினில் நூல் நீளமாக மேலே மிதந்து கிடக்கிறது. வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. பட்டுச் சாறியின் முந்தானை நீங்கள் நடக்கும்போது நிறம் மாறுவதும் இழைகள் அமைந்திருக்கும் விதத்தினால்தான். மயிலைப் பார்த்து நீலத்தை எடுத்துக்கொள்வது எளிது. அதன் அடுக்கை விளங்கிக்கொண்டவருக்கு ஆயிரம் நிறங்களுக்கு வழி திறக்கும்.

இனி, நான் அதிக நேரம் நின்று பேச விரும்புகிற பொருளுக்கு வருகிறேன். கூத்துடுப்பு.

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரச பாத்திரங்கள் கரப்புடுப்புக் கட்டுவார்கள். இடுப்பிலிருந்து விரிந்து நிற்கும் அந்த உடுப்பை எல்லோரும் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் துணி, சரிகை, கண்ணாடித் துண்டுகள், கரைகளில் வேலைப்பாடு. நான் உங்களிடம் கேட்பது அதை ஒருமுறை புரட்டி உட்புறத்தைப் பாருங்கள் என்பதுதான். உள்ளே வளையங்கள் இருக்கின்றன. மேலே சிறியது, கீழே வரவரப் பெரியது, இடையிடையே கட்டுகள். ஆற்றிலும் வாவியின் கரைத் தண்ணீரிலும் மீன்மேல் கவிழ்த்து அதைப் பிடிக்கிற கரப்பைக் கட்டத் தெரிந்த கைக்கு இந்த உடுப்பின் சட்டகத்தைக் கட்டுவது புது வேலை இல்லை. மீன்பிடிக் கருவியின் அமைப்பு அரசனின் உடுப்பாகியிருக்கிறது. ஒரு சமூகத்தின் தொழிலறிவு அதன் அலங்காரத்துக்குள் போகும் வழி இது. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் 1856இல் உருக்குக் கம்பி வளையங்களால் ஆன கூட்டுப் பாவாடைச் சட்டகத்துக்கு பாரிஸில் காப்புரிமை வாங்கினார்கள். கிரினொலின் என்று உடை வரலாற்றுப் பாடத்தில் படிப்பீர்கள். அதற்கு முன் பெண்கள் கனமான உட்பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டுதான் அந்த விரிவைக் கொண்டுவந்தார்கள். வளையம் வந்ததும் உள்ளே வெறும் காற்று; பாரம் குறைந்தது, கால் வீசி நடக்க முடிந்தது. உடை வரலாற்று நூல்கள் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக எழுதுகின்றன, அது சரியானதே. அதே பக்கத்தில் கரப்புடுப்பும் இடம்பெற வேண்டும். எங்கள் பிள்ளைகள் கிரினொலினின் வரைபடத்தைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். கரப்புடுப்பின் வரைபடம் ஒன்றைக் கீறத் தெரியாமல் பட்டம் பெறுகிறார்கள். இந்தக் குறையை நிரப்பக்கூடியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

உடுப்பும் ஆட்டமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பாருங்கள். வடமோடியில் பெரும்பாலும் பாரதமும் இராமாயணமும் கதையாகின்றன. போர் இருக்கிறது, வீரம் இருக்கிறது. பாரமான உடுப்பும் பெரிய கிரீடமும் அணிந்தவர் சுழன்று ஆடும்போது வளையச் சட்டகமும் சேர்ந்து சுழல்கிறது. உடலின் அசைவு கூத்தாடும் களரியின் கடைசி வரிசை வரைக்கும் பெரிதாகித் தெரிகிறது. கூத்தின் மற்ற மரபான தென்மோடியில் உடுப்பு இலேசானது. அங்கே ஆட்டக் கோலங்கள் நுணுக்கமானவை. கால் வேலை கூடுதலாகத் தெரிய வேண்டும். பாரமான உடுப்பைக் கட்டிக்கொண்டு அதை ஆட முடியாது. ஆட்டத்துக்காக உடுப்பு இப்படியானதா, உடுப்புக்காக ஆட்டம் இப்படியானதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். உடுப்பு என்பது நின்றுகொண்டிருக்கும் உடலுக்கானது என்று நினைக்கிற மாணவர் ஒருமுறை கூத்துப் பழகும் களரிக்குப் போய் உட்கார வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். இந்தக் கூத்துகள் இரவிரவாக ஆடப்பட்டவை. மின்சாரம் வருவதற்கு முன் தீப்பந்தத்திலும், பிறகு பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலும் விடியும்வரை ஆடினார்கள். வட்டக் களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். தீயின் வெளிச்சம் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் மங்கிக் கறுக்கும். சிவப்பும் மஞ்சளும் பொன்னும் எழுந்து நிற்கும். கண்ணாடித் துண்டும் சரிகையும் அந்த அசையும் சுடரை வாங்கி ஆயிரமாகத் திருப்பும். பகல் வெளிச்சத்தில், அல்லது இன்றைய வெள்ளை எல்ஈடி விளக்கின் கீழ் அந்த உடுப்பைப் பார்த்து ‘நிறம் கூடிப்போயிற்று, கண்ணைக் குத்துகிறது’ என்று சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பொருளை அதன் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காததால் வந்த தீர்ப்பு அது. கூத்துடுப்பின் நிறங்களைத் தெரிந்தெடுத்தவர்கள் தங்களுடைய வெளிச்சத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். நீங்கள் ஓர் உடுப்பை வடிவமைக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: இதை எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள்? கலியாண மண்டபமா, மத்தியான வெயிலா, பஸ் தரிப்பிடமா?

இந்தக் கலையைப் படிப்புலகுக்குக் கொண்டுவந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடியதைச் சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி, நகரத்து அரங்குக்குப் பொருத்தினார். பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ வடிவமைப்பு மாணவரின் மேசையிலும் இருக்க வேண்டிய நூல். கலாநிதி சி. ஜெயசங்கரும் நண்பர்களும் சீலாமுனையில் ஊர் மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்க வேலையைப் பல வருடங்கள் செய்தார்கள். இவர்கள் ஆட்டத்தையும் பாட்டையும் கதையையும் சமூகத்தையும் ஆராய்ந்தார்கள். உடுப்பை வடிவமைப்பாளரின் கண்ணோடு அளந்து, வெட்டுப் படிவம் கீறி, மூலப்பொருள்களைப் பதிவு செய்யும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. அது உங்களுக்கு வைக்கப்பட்ட பங்கு.

இந்த வேலைக்கு அவசரமும் உண்டு. 1990இல் போரினால் இடம்பெயர்ந்து இந்தப் பகுதிச் சனம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கிய நாட்களை இங்கிருக்கும் பெற்றோர் அறிவார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் யாரால் கூத்துடுப்புப் பெட்டியைத் தூக்க முடியும்? எரிந்தவை எரிந்தன, மழையில் ஊறியவை ஊறின. எஞ்சியிருக்கிற ஒவ்வோர் உடுப்பும், ஒவ்வொரு கிரீடமும் இன்று ஒரு பாடநூல்.

கோயில் அலங்காரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குருத்தோலைத் தோரணம் கட்டுகிற கைகளைப் பாருங்கள். ஈர்க்கின் இரண்டு பக்கமும் ஓலை. அந்த அகலம்தான் அளவுகோல். கிழிக்கலாம், மடிக்கலாம், பின்னலாம், முடியலாம். ஒட்ட முடியாது, தைக்கத் தேவையில்லை. இந்தச் சில விதிகளுக்குள்ளேயே குருவியும் பூவும் கிளியும் வருகின்றன. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கட்டுகிற பந்தலிலும் இதே கைவேலைதான். நாளைக்கு வாடிவிடும் என்று தெரிந்தே இன்று இவ்வளவு கவனத்தோடு செய்கிறார்கள். மடிப்பு வேலையைத் துணியில் கற்க நினைக்கும் பிள்ளை முதலில் குருத்தோலையில் கற்கட்டும். துணி தவறை மறைக்கும். ஓலை மறைக்காது.

சாயத்துக்கு வருவோம். கிரினொலினுக்குக் காப்புரிமை வாங்கிய அதே 1856இல், லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவன் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்று, தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டான். அதிலிருந்து செயற்கைச் சாயத்தின் காலம் தொடங்கியது. சில வருடங்களுக்குள், 1869 அளவில், ஐரோப்பிய மஞ்சிட்டி வேரில் உள்ள அலிசரின் என்ற சிவப்பையும் தொழிற்சாலையில் செய்தார்கள். 1897இல் ஜேர்மனியில் செயற்கை அவுரி நீலம் விற்பனைக்கு வந்தது. இந்தத் திகதிகள் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மணல் நிலங்களில் தோண்டி எடுக்கப்பட்ட சாயவேரில் இருந்ததும் அதே அலிசரின்தான். ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேர் அரசின் ஏகபோகம். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு அது போனது. ஆய்வுகூடத்துப் போத்தல் வந்த பிறகு அந்த வேருக்குப் பெறுமதி இல்லாமல் போனது.

வாவிக்கரையிலும் ஒரு சாய அறிவு இருந்தது. நைலோன் வலை வருமுன், பருத்தி நூலாலும் சணலாலும் கட்டிய வலைகளைக் கண்டல் பட்டையிலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் தோய்த்துப் பதப்படுத்தினார்கள். வலை உப்புத் தண்ணீரில் உக்காமல் இருக்க அது உதவியது. அந்தப் பட்டையிலும் காயிலும் தனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. தனினோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு வரும். பழைய எழுத்து மைகள் பல அப்படித்தான் செய்யப்பட்டன. பிள்ளைகளே, பனிச்சங்காயும் துருப்பிடித்த ஆணியும் கிடைக்காத ஊரா இது? ஒரு வெள்ளைப் பருத்தித் துணியைக் காய்ச்சாற்றில் ஊறவைத்து, காயவைத்து, பிறகு துரு ஊறிய தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாம்பலில் இருந்து கறுப்பு வரை எத்தனை படிகள் வருகின்றன என்று குறித்து வையுங்கள். கண்டல் மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். வாவியில் மீனும் இறாலும் வளர்வதற்கு அந்த வேர்கள் வேண்டும்.

எல்லாவற்றையும் இயற்கைச் சாயத்துக்குத் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளில் தோய்த்த துணி நாலு நாள் வெயிலில் வெளிறிவிடும். நிலைத்து நிற்கிற சாயத்துக்குப் படிகாரம் வேண்டும், நிறைய நல்ல தண்ணீர் வேண்டும், பொறுமை வேண்டும். செயற்கைச் சாயத்தை எடுக்கிறவரும் அதன் கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். வாவிக்கரையில் வாழ்கிறவர்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

பாயும் தறியும் நிறத்தை வேறு வழியில் கற்பிக்கின்றன. கிழக்குக் கரையில் முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் பன்பாய் இழைத்திருக்கிறார்கள். சதுப்பில் வளர்கிற பன்னை வெட்டிக் காயவைத்து, ஒரு பகுதியைச் சாயத்தில் அவித்து, தறி இல்லாமல் கையாலேயே இழைப்பது. ஒரு சிவப்பு இழை உள்ளே புகுந்துவிட்டால் அது தன் பாதையில் கடைசி வரை போகும். வேண்டாத இடத்தில் அதை மறைக்க வேண்டுமானால் அடுத்த இழைக்குக் கீழே போக்க வேண்டும். ஆகவே முழுப் பாயின் கணக்கும் இழைக்கிறவரின் மனத்தில் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். வளைவு வராது. படிப்படியாகத்தான் பூ வரும், விளக்கு வரும். அந்தப் படி வடிவத்தைக் கணினியில் வரைந்து ரீ-சேர்ட்டில் அச்சடிப்பவர் அந்தப் படிகள் ஏன் வந்தன என்று ஒருமுறையாவது இழைத்து அறிய வேண்டும்.

அதே கரையில் உள்ள மருதமுனைத் தறிகளுக்குப் போனால், சாரத்தின் கோடுகள் பாவோடும்போதே முடிவாகிவிடுவதைப் பார்ப்பீர்கள். குறுக்கே ஊடை வரும்போது ஒவ்வொரு நிறமும் அடுத்ததோடு கலந்து மூன்றாவது ஒன்றாகத் தெரியும். மஞ்சள் பாவில் நீல ஊடை ஓடினால் கிட்ட இருந்து இரண்டு நிறம், தள்ளி நின்றால் இரண்டும் கலந்த ஒன்று. நிறங்கள் இப்படி ஒன்றையொன்று மாற்றுவதை ஆராய வைத்ததும் ஒரு நெசவுச்சாலைதான். பிரான்சில் கோப்லான் நெசவுச்சாலையின் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்ற மிஷேல் ஷெவ்ரூலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறைப்பாடு வந்தது. அவர் சோதித்தார். சாயத்தில் பிழை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்ததால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. அந்த முறைப்பாட்டைப் பின்தொடர்ந்து அவர் 1839இல் வெளியிட்ட நூல், அயல் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதற்கு இன்றைக்கும் அடிப்படை. பிற்காலத்து ஓவியர்கள் அதைப் படித்துத் தூரிகை பிடித்தார்கள். தறியில் பிறந்த கேள்வி அது.

மருதமுனையில் நெய்கிறவர்கள் எளிதான காலத்தைக் கடந்து வரவில்லை. 1977க்குப் பின் இறக்குமதித் துணிகளுக்குக் கதவு திறந்ததும் நாடு முழுவதும் கைத்தறிகள் படுத்தன. 2004 டிசம்பரில் சுனாமி அந்தக் கரையைத் தாக்கியது. அதற்குப் பிறகும் தறிச் சத்தம் கேட்கிறது என்றால் அது அந்த மக்களின் உழைப்பு.

இனி, செய்பவர்களிடம் போய்க் கற்றவர்கள் என்ன சாதித்தார்கள் என்று சொல்கிறேன். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கை முழுவதும் அலைந்தவர். போன ஊர்களில் கம்மாளரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டு, அவர்களுடைய கருவிகளையும் அளவுகளையும் செய்முறைகளையும் எழுதினார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, இங்கிலாந்தில் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அச்சானது. பார்பரா சன்சோனி 1960களில் நல்லாயன் சபைக் கன்னியரிடம் நெசவு செய்த பெண்களுக்கு நிறங்களைத் திட்டமிடத் தொடங்கி, ‘பெயார்ஃபுட்’ என்ற நிறுவனத்தை எழுப்பினார். இந்த நாட்டின் வயலும் கடலும் அவருடைய துணிகளின் கோடுகளாயின. ஈனா டி சில்வா பத்திக் கலையில் புகுந்து, பெந்தோட்டையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த விடுதியின் வரவேற்புக் கூடத்து உட்கூரையைப் பத்திக் துணியால் நிரப்பினார். பிறகு அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்தார். ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் பெண்களை நெசவுப் பகுதிக்கே தள்ளினார்கள். அங்கே நெசவு கற்ற அன்னி அல்பேர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் பெரிய நெசவுக் கலைஞரானார். 1965இல் நெசவு பற்றி எழுதிய நூலை, பழைய பெரு நாட்டின் நெசவாளர்களைத் தன் ஆசிரியர்கள் என்று சொல்லி அவர்களுக்கே காணிக்கையாக்கினார். பெயர் தெரியாத, எழுத்துப் படிக்காத நெசவாளர்களை ஆசிரியர் என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்கிறேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் அளவெடுத்துக் கற்ற சட்டகத்தில் ஒரு பாவாடை செய்து கொழும்பு மேடையில் ஏற்றினால், அந்த அண்ணாவியாரின் பெயர் உங்கள் அட்டையில் இருக்க வேண்டும். பாய் இழைக்கும் தாயிடம் ஒரு கோலத்தை வாங்கி நூறு பைகளில் போட்டால் அந்தத் தாய்க்குக் காசு போக வேண்டும். ‘மரபு எல்லோருக்கும் சொந்தம்’ என்று சொல்லித் தப்பிக்கொள்வது நேர்மை இல்லை. அதைச் செய்து காத்தவர் ஒருவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். சடங்குக்கு உரிய பொருள்களில் எதை வெளியே கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்பதைக் கோயிலாரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். கூடாது என்றால் விட்டுவிடுங்கள்.

பெற்றோரே, ‘சித்திரம் படித்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்குத்தான். எங்கள் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காலை பஸ்ஸேறி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். வேறெங்கோ யாரோ கீறி அனுப்பிய உடுப்பைத் தைக்கிறார்கள். கீறுகிற மேசையில் இந்த மண்ணின் பிள்ளையும் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உடை வடிவமைப்புக்கான பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் இருக்கிறது. இந்தப் படிப்புகளை நாடிப் போகும் பிள்ளை இன்ரநெற்றில் எடுத்த படங்களோடு போனால் ஆயிரம் பேருக்குள் ஒருத்தியாகக் கரைந்துபோவாள். தான் கட்டிய கரப்பின் அளவுகளையும், பனிச்சங்காயில் தோய்த்த துணித் துண்டுகளையும், இழைத்துப் பார்த்த பாயின் மூலையையும் ஒட்டிய ஒரு கொப்பியோடு போனால் அவளிடம் கேள்வி கேட்கிறவர்கள் அந்தக் கொப்பியை மூடாமல் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ, அண்ணாவிமார் வீட்டிலோ பழைய கூத்துடுப்பு, கிரீடம், புயத்தில் அணியும் அணிகள், சதங்கை எது இருந்தாலும் கிழிந்துபோனது என்று எறியாதீர்கள். பாடசாலைச் சித்திர ஆசிரியருக்கு அறிவியுங்கள். பிள்ளைகள் ஓர் அளவு நாடாவும் கொப்பியும் பென்சிலும் கொண்டு வரட்டும். அவர்களை அதைத் தொட விடுங்கள், புரட்டிப் பார்க்க விடுங்கள், அளவெடுக்க விடுங்கள். அதைக் கட்டியவர் யார், எந்தக் கூத்துக்குக் கட்டினார் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.